சின்ன இன்ஜினில் கூடுதல் இழுவை: காற்றும் கார்புரேட்டரும்

பெட்ரோல் இன்ஜினில் சக்தி எவ்வளவு வரும் என்பதைக் காற்றுதான் முடிவு செய்கிறது. பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் உள்ளே விடலாம், ஒரு பெரிய ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சிறு பித்தளைத் திருகு) மாட்டினால் போதும். அது எரிவதற்கான ஆக்ஸிஜனோ, பிஸ்டன் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் இழுத்துக்கொள்ளும் காற்றில் இருப்பது மட்டுமே. எனவே டியூனிங்கில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. காற்று வரும் வழியில் தடையை நீக்குவது முதல் வேலை. அப்படி வந்த காற்றுக்கு ஏற்ற பெட்ரோலைக் கொடுப்பது இரண்டாவது. முதலாவதை விட்டுவிட்டு நேராக ஜெட்டில் கை வைக்கிறவர்கள்தான் அதிகம். கரும்புகையும் மைலேஜ் இழப்பும் தவிர அதில் எதுவும் கிடைப்பதில்லை.

கணக்குப் போட்டால் தெளிவாகும். 150 சிசி நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் 8000 ஆர்பிஎம்மில் ஓடும்போது நிமிடத்துக்கு 4000 முறை காற்றை இழுக்கிறது. ஒவ்வொரு முறையும் சிலிண்டர் முழுசாக நிரம்பினால் 600 லிட்டர் ஆகும். நடைமுறையில் 85 சதவீதம் நிரம்புகிறது என்று வைத்துக்கொண்டால் 510 லிட்டர். எடையில் சுமார் 610 கிராம். அதிலிருந்து முழுச் சக்தி எடுக்கத் தேவையான பெட்ரோல் 47 கிராம், ஏறக்குறைய 63 மில்லி. இந்த 85 சதவீதத்தை 90 ஆக்க முடிந்தால் எரிக்கக்கூடிய பெட்ரோலும் சுமார் 6 சதவீதம் கூடும், சக்தியும் கிட்டத்தட்ட அந்த அளவு கூடும். காற்று அப்படியே இருக்க, ஏற்கெனவே சரியாக இருக்கும் கலவையில் பெட்ரோலை மட்டும் 6 சதவீதம் கூட்டினால் எதுவும் கூடாது.

கலவை விகிதம்

ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமின்றி எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இதைவிடப் பெட்ரோல் அதிகமானால் கலவை ரிச், குறைந்தால் லீன். அதிகபட்ச சக்தி கிடைப்பது 14.7-இல் அல்ல, கொஞ்சம் ரிச்சாக 12.5 முதல் 13 வரை வரும்போதுதான். சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் எல்லா இடத்திலும் ஒரே சீராகக் கலப்பதில்லை. பெட்ரோல் சற்றுக் கூடுதலாக இருந்தால்தான் உள்ளே வந்த ஆக்ஸிஜன் முழுவதும் பயன்படும். ஆவியாகும் பெட்ரோல் கலவையைக் குளிர்விப்பதும் ஒரு லாபம். சிக்கனமாக, பாதி ஆக்சிலேட்டரில் ஓட்டுவதற்கு 15 முதல் 16 வரை போதும். ஆக, காற்றோடு பெட்ரோலைக் கலந்து கொடுக்கும் ஒரே கார்புரேட்டர் சாதாரண ஓட்டத்தில் லீனாகவும் முழு ஆக்சிலேட்டரில் ரிச்சாகவும் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதற்குள் இத்தனை ஜெட்டுகளும் துவாரங்களும் இருப்பது இதற்காகத்தான்.

எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இந்த எண் மாறும். 10 சதவீதம் எத்தனால் இருந்தால் முழுதாக எரிய 14.1 கிலோ காற்றே போதும். அதாவது அதே ஜெட், அதே காற்று என்றால் இன்ஜின் முன்பைவிட லீனாக ஓடும். கலப்பில்லாத பெட்ரோலுக்குச் செட் செய்த பழைய இன்ஜின், எரிபொருள் மாறியதும் சூடாவதற்கு இது ஒரு காரணம்.

கார்புரேட்டருக்குள் நடப்பது

கார்புரேட்டரின் நடுக்குழாய் ஓரிடத்தில் குறுகியிருக்கும். அதுதான் வென்சுரி. அந்தக் குறுகலில் காற்றின் வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. கீழே மிதவைக் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலின் மேல் வெளிக்காற்றின் முழு அழுத்தம் இருக்கிறது. இந்த அழுத்த வித்தியாசம்தான் பெட்ரோலை ஜெட் வழியாக மேலே தள்ளுகிறது. கிண்ணத்துக்குக் காற்று வரும் சின்ன வென்ட் குழாய் மடிந்தாலோ அடைத்தாலோ இந்த வித்தியாசம் கெட்டுப்போய், வேகம் எடுத்த கொஞ்ச நேரத்தில் வண்டி தொய்ந்துவிடும். ஜெட்டை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது.

தொடக்க நிலையில் இருப்பவர் மனதில் ஏற்ற வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. எந்த ஜெட் எப்போது வேலை செய்யும் என்பதை ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. ஆர்பிஎம்மோ கியரோ அல்ல. ஸ்லைடு வகைக் கார்புரேட்டரில் (காற்று வழியை மறைக்கும் ஸ்லைடு என்ற அடைப்பானை ஆக்சிலேட்டர் கேபிளே நேராகத் தூக்கும்), மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை ஸ்லோ ஜெட்டும் அதன் ஸ்க்ரூவும் ஆட்சி செய்கின்றன. அங்கிருந்து கால் பங்கு வரை ஸ்லைடின் அடியில் சரிவாக வெட்டியிருக்கும் பகுதியின் உயரம் முக்கியம். கால் பங்கு முதல் முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் நீடிலும், அது ஏறி இறங்கும் நீடில் ஜெட்டும். முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றோடொன்று கொஞ்சம் கலந்துதான் இருக்கும், ஆனாலும் கோளாறைக் கண்டுபிடிக்க இந்தப் பிரிவு போதும். ஆக்சிலேட்டர் கைப்பிடியில் ஒரு சின்ன டேப்பை ஒட்டி கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். "40-இல் போகும்போது திணறுகிறது" என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "அரை ஆக்சிலேட்டரில் திணறுகிறது" என்றால் நீடிலைப் பார்க்கலாம்.

வேக்குவம் வகையில் ஆக்சிலேட்டர் கேபிள் ஒரு தட்டை மட்டும் திறக்கும். ஸ்லைடை ரப்பர் டயாஃப்ரம் மூலம் காற்றழுத்தமே தூக்கும். அதில் ஸ்லைடின் உயரம் கேபிளைப் பின்பற்றாது என்பதால் மேலே சொன்ன பங்குகள் அப்படியே பொருந்தா. டயாஃப்ரத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் கூட ஸ்லைடு முழுதாக ஏறாமல் மேல் வேகம் போய்விடும். ரப்பரை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் தெரியும்.

தொடும் முன் பார்க்க வேண்டியவை

சக்தி குறைந்திருக்கும் பழைய இன்ஜினில் பெரும்பாலும் கிடைப்பது புதுச் சக்தி அல்ல, முன்பு இருந்து தொலைந்தது. டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ளது), பிளக் இடைவெளி, இக்னிஷன் டைமிங், கம்ப்ரஷன் நான்கையும் கையேட்டில் உள்ள அளவுக்குக் கொண்டுவராமல் கார்புரேட்டரைத் தொடக்கூடாது. டேப்பட் இறுகி வால்வு முழுதாக மூடாமல் இருந்தால் ஐட்லிங் நிற்காது. அதைக் கலவைக் கோளாறு என்று நினைத்து ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே இருப்போம். பிரேக் ஒட்டி ஓடுகிறதா, கிளட்ச் வழுக்குகிறதா என்பதையும் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது காற்றுக் கசிவு. கார்புரேட்டருக்கும் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே உள்ள ரப்பர் மேனிஃபோல்டில் வெடிப்பு, தட்டையாகிப்போன ஓ-ரிங், இறுகாத க்ளாம்ப் இவற்றின் வழியே கணக்கில் வராத காற்று உள்ளே போகும். ஆக்சிலேட்டரை விட்டபிறகும் ஆர்பிஎம் உடனே இறங்காமல் மேலேயே நிற்பது இதன் முதல் அடையாளம். இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது இணைப்புகளின் மேல் சோப்புத் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். ஓசை மாறினாலோ நுரை உள்ளே இழுக்கப்பட்டாலோ கசிவு அங்கேதான். எரியக்கூடிய ஸ்ப்ரேயைச் சூடான இன்ஜினில் அடித்துப் பார்க்கும் பழக்கம் தீ விபத்தில் முடியக்கூடியது, தேவையும் இல்லை.

பிறகு சுத்தம். எல்லா ஜெட்டையும் கழற்றி, ரப்பர் பாகங்களை எடுத்துவிட்டு, கார்புரேட்டர் க்ளீனரும் அழுத்தக் காற்றும் கொண்டு ஒவ்வொரு துவாரத்தையும் ஊதுங்கள். ஸ்டீல் கம்பியை ஜெட்டுக்குள் விடாதீர்கள். பித்தளை மென்மையானது, கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்தாலும் அந்த ஜெட்டின் அளவு மாறிவிடும். தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் ஜெட்டைத் திருகினால் வெட்டு மழுங்கிப்போகும். த்ராட்டில் தட்டை அல்லது ஸ்லைடை ஒட்டி மயிரிழை அளவில் இருக்கும் பைபாஸ் துவாரங்களை மறக்க வேண்டாம். ஐட்லிங் நன்றாக இருந்து, ஆக்சிலேட்டரைத் தொட்டவுடன் மட்டும் ஒரு கணம் செத்துப்போகிறது என்றால் பெரும்பாலும் அடைப்பு அங்கேதான் இருக்கும்.

மிதவை மட்டத்தை, அதாவது கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும் உயரத்தை, இப்போதே சரிபார்த்துவிட வேண்டும், ஏனென்றால் எல்லா ஜெட்டையும் அது பாதிக்கிறது. மட்டம் ஏறினால் எல்லா நிலையிலும் ரிச், இறங்கினால் லீன். கேஸ்கெட்டை எடுத்துவிட்டு, மிதவையின் நாக்கு, பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஊசி வால்வின் ஸ்பிரிங் முனையை அழுத்தாமல் தொட்டு நிற்கும் அளவுக்குக் கார்புரேட்டரைச் சாய்த்து, உயரத்தை அளக்க வேண்டும். நேராகக் கவிழ்த்து அளந்தால் மிதவையின் எடை ஸ்பிரிங்கை அமுக்கித் தப்பான எண் வரும். 1 மிமீ வித்தியாசம் கூட ஓட்டத்தில் தெரியும்.

காற்று வரும் வழி

ஏர் ஃபில்டர் அழுக்கானால் காற்று குறைவது மட்டுமல்ல, கலவை ரிச்சாகவும் ஆகும். ஃபோம் ஃபில்டரில் எண்ணெய் சொட்டச் சொட்ட இருந்தாலும் இதே கதைதான். எண்ணெயில் நனைத்து நன்றாகப் பிழிந்த பிறகு போட வேண்டும். முறுக்காமல் அமுக்கிப் பிழியுங்கள், இல்லாவிட்டால் ஃபோம் கிழியும்.

ஃபில்டர் பெட்டியில் ஓட்டை போடுவது பலர் முதலில் செய்யும் காரியம். சத்தம் உடனே கூடுவதால் சக்தியும் கூடியதாகத் தோன்றும். ஆனால் பெட்டியின் கொள்ளளவும் அதன் நுழைவுக் குழாயின் நீளமும், காற்று துடித்துத் துடித்து வருவதைச் சமன்செய்வதற்காகக் கணக்கிடப்பட்டவை. பெட்டியை எடுத்துவிட்டு நேராக ஒரு கூம்பு ஃபில்டர் மாட்டினால் உச்ச வேகத்தில் கொஞ்சம் கிடைத்து, நடு வேக இழுவை போய்விடுவது சாதாரணம். வேக்குவம் கார்புரேட்டரில் ஸ்லைடு சரியாக எழாமல் தடுமாறவும் செய்யும். அன்றாட உபயோகத்துக்கான வண்டியில் பெட்டியை அப்படியே வைத்து, சுத்தமான ஃபில்டர் போடுவதே சரியான முடிவு.

உண்மையான லாபம் கார்புரேட்டருக்கும் வால்வுக்கும் நடுவே இருக்கிறது. மேனிஃபோல்ட், கேஸ்கெட், ஹெட் மூன்றின் துளைகளும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கேஸ்கெட்டின் விளிம்பு துளைக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் வெட்டுங்கள். காற்று வரும் திசைக்கு எதிரே படி போல ஒரு விளிம்பு நிற்கக்கூடாது. குறுகலிலிருந்து அகலத்துக்கு இறங்கும் சிறு படி அவ்வளவு கெடுதல் செய்யாது. ஹெட்டுக்குள், வால்வு சீட்டுக்குச் சற்று முன்னால் காற்று வளைந்து திரும்பும் இடத்தில், வார்ப்பின் பிசிறும் கூரான விளிம்பும் இருக்கும். அவற்றை மட்டும் வழித்து எடுத்தாலே போதும். துளை முழுவதையும் அகலமாக்கினால் காற்றின் வேகம் குறைந்து கீழ் இழுவை போகும், எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்கவும் முடியாது. வால்வு சீட்டை மட்டும் தொடவே கூடாது. உள்பக்கத்தைக் கண்ணாடி போலப் பளபளப்பாக்குவதும் வீண் உழைப்பு; இன்டேக் பக்கச் சுவர் சற்றுச் சொரசொரப்பாக இருந்தால்தான் சுவரில் படியும் பெட்ரோல் மறுபடி காற்றோடு கலக்கும்.

பெரிய கார்புரேட்டர் மாட்டலாமா? 26 மிமீயிலிருந்து 28-க்குப் போனால் வாய்ப்பரப்பு 16 சதவீதம் கூடுகிறது. ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து குறைந்த ஆர்பிஎம்மில் இழுக்கும்போது, அதே காற்று அகலமான வழியில் மெதுவாகப் போகும். பெட்ரோலை உறிஞ்சும் அழுத்த வித்தியாசம் வேகத்தின் இருமடிப்படி குறைவதால் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். 2 மிமீக்கே இவ்வளவு. கேம், கம்ப்ரஷன், எக்ஸாஸ்ட் எதுவும் மாறாத இன்ஜினுக்குப் பெரிய கார்புரேட்டர் பெரும்பாலும் திணறலைத்தான் தரும்.

எக்ஸாஸ்டில், டூ ஸ்ட்ரோக்காக இருந்தால் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் துளையிலும் சைலன்ஸரிலும் படியும் கரியை எடுப்பதே பெரிய மாற்றத்தைக் காட்டும். தடை குறைந்த சைலன்ஸர் போட்டால் மெயின் ஜெட்டை ஒன்றிரண்டு அளவு கூட்ட வேண்டியிருக்கலாம். சைலன்ஸரே இல்லாமல் ஓட்டுவது இழுவையைக் கெடுக்கும். இப்படிப்பட்ட மாற்றங்களுக்குப் பல இடங்களில் புகை, ஒலி விதிகளின்படி அனுமதி இல்லை என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெட் செட் செய்யும் வரிசை

இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்த பிறகே எதையும் முடிவு செய்ய வேண்டும். ஐட்லிங் நிற்கும் அளவுக்கு ஸ்லோவை ஓரளவு வைத்துவிட்டு மெயின் ஜெட்டில் தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், ஒவ்வொன்றையும் எழுதி வைத்துக்கொண்டு.

போக்குவரத்து இல்லாத பாதுகாப்பான இடத்தில் முழு ஆக்சிலேட்டரில் இழுத்து, சட்டென்று எட்டில் ஒரு பங்கு மட்டும் குறையுங்கள். ஒரு கணம் வேகம் கூடுவதாகத் தெரிந்தால் மெயின் ஜெட் சிறிது. தொய்ந்து, புடுபுடுவென்று மிஸ்ஸாகி ஓடினால் ஜெட் பெரிது. மெதுவாக, சீராக வேகம் குறைந்தால் சரியான இடத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பார்ப்பதும் ஒரு வழி: ஓட்டம் மேம்பட்டால் லீன், மோசமானால் ஏற்கெனவே ரிச்.

ஜெட் எண்ணைப் படிக்கும்போது கவனம் தேவை. சில தயாரிப்பாளர்கள் துளையின் விட்டத்தை எண்ணாகப் போடுகிறார்கள், சிலர் அதன் வழியே ஓடும் அளவை. இரண்டையும் ஒப்பிடக்கூடாது. விட்டத்தைக் குறிக்கும் வகையில் 100-க்குப் பதில் 105 போட்டால் துளையின் பரப்பு 5 அல்ல, 10 சதவீதம் கூடுகிறது. எனவே ஒரே தாவலில் பல அளவு மாற்றாதீர்கள். எப்போதும் பெரிய ஜெட்டிலிருந்து தொடங்கிச் சிறிதாக்கிக்கொண்டே வர வேண்டும். ரிச்சாக இருந்தால் பிளக் கறுக்கும், அவ்வளவுதான்; முழு ஆக்சிலேட்டரில் லீனாக இருந்தால் பிஸ்டன் உருகும்.

பிளக்கின் நிறத்தைப் பார்க்க, முழு ஆக்சிலேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கிளட்சைப் பிடித்து இன்ஜினை நிறுத்தி, வண்டி நின்றதும் பிளக்கைக் கழற்ற வேண்டும். ஐட்லிங்கில் விட்டு வீடு வந்து சேர்ந்த பிறகு பார்க்கும் நிறம் ஸ்லோ ஜெட்டைப் பற்றித்தான் சொல்லும். ஈயமில்லாத பெட்ரோலில் வெளி நுனியின் நிறம் அவ்வளவு நம்பத்தக்கதல்ல. பீங்கான் உள்ளே போய் முடியும் அடிப்பகுதியில் மெல்லிய பழுப்பு வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். பீங்கான் சுத்த வெள்ளையாக, சிறு உலோகத் துணுக்குகள் ஒட்டியிருந்தால் உடனே நிறுத்திவிட்டு ஜெட்டைப் பெரிதாக்குங்கள். எக்ஸாஸ்டில் வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார் பொருத்த முடிந்தால் இந்த ஊகம் எதுவும் தேவையில்லை, விகிதத்தை அது எண்ணாகவே காட்டும்.

மெயின் சரியானதும் நீடில். அதன் தலையில் வழக்கமாக ஐந்து வெட்டுகள், ஒன்றில் க்ளிப். க்ளிப்பை மேல் வெட்டுக்கு மாற்றினால் நீடில் கீழே இறங்கிக் கலவை லீன் ஆகும். கீழ் வெட்டுக்கு மாற்றினால் நீடில் உயர்ந்து ரிச் ஆகும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு செய்வது சகஜம். அதிக நாள் ஓடிய வண்டியில் நீடில் அதிர்ந்து அதிர்ந்து நீடில் ஜெட்டின் துளையை முட்டை வடிவமாக்கியிருக்கும். அப்போது க்ளிப் எந்த வெட்டில் இருந்தாலும் நடுப்பகுதி ரிச்சாகவே இருக்கும். நீடில், ஜெட் இரண்டையும் சேர்த்து மாற்றுவதுதான் வழி.

கடைசியாக ஸ்லோவின் ஸ்க்ரூ. முதலில் அது எந்த வகை என்று தெரிய வேண்டும். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் பொதுவாக அது காற்றை அளக்கும் ஸ்க்ரூ. வெளியே திருகினால் லீன். இன்ஜின் பக்கம் இருந்தால் கலவையை அளப்பது. வெளியே திருகினால் ரிச். முழுக்க உள்ளே திருகும்போது லேசாகத் தொட்டவுடன் நிறுத்துங்கள். இறுக்கினால் கூர்முனை உடைந்து துவாரத்திலேயே தங்கிவிடும். அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, ஐட்லிங் மிக உயரும் இடத்தைத் தேடி, பிறகு ஐட்லிங் ஸ்க்ரூவால் வேகத்தை இறக்குங்கள். ஒரு சுற்றுக்கும் இரண்டரைச் சுற்றுக்கும் இடையில் அந்த இடம் அமையவில்லை என்றால் ஸ்லோ ஜெட்டின் அளவே மாற வேண்டியிருக்கலாம்.

டூ ஸ்ட்ரோக், கவர்னர், மலை

டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்து வருவதால், லீன் ஆனால் குளிர்ச்சியோடு மசகும் குறையும். பிஸ்டன் சிலிண்டரோடு இறுகி இன்ஜின் பிடித்துக்கொள்வது நொடிகளில் நடந்துவிடும். மரம் அறுக்கும் செயின்சாவில் இரண்டு ஸ்க்ரூக்கள்: எல் குறைந்த வேகத்துக்கு, எச் முழு வேகத்துக்கு. இரண்டுமே உள்ளே திருகினால் லீன். எல்-ஐ ஐட்லிங் மிக உயரும் இடத்தில் வைத்து, அங்கிருந்து கொஞ்சம் வெளியே எடுத்து, செயின் நிற்கும்வரை ஐட்லிங்கை இறக்குங்கள். எச் ஸ்க்ரூவை, சுமையில்லாமல் முழு வேகத்தில் லேசாகப் புடுபுடுத்து, மரத்தில் வைத்தவுடன் சுத்தமாக ஓடும்படி வைக்க வேண்டும். சுமையில்லாமலேயே கீச்சென்று கூர்மையாகக் கத்தினால் அது லீன். டாக்கோமீட்டர் வைத்து, கையேட்டில் உள்ள உச்ச ஆர்பிஎம்மைத் தாண்டாமல் பார்ப்பதே பத்திரம்.

ஜெனரேட்டரிலும் புல்வெட்டியிலும் சக்திக்காகக் கவர்னரின் (இன்ஜின் வேகத்தைத் தானாகக் கட்டுக்குள் வைக்கும் அமைப்பு) ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள். இரண்டு துருவ ஜெனரேட்டர் 50 ஹெர்ட்ஸுக்கு 3000 ஆர்பிஎம்மிலும், 60 ஹெர்ட்ஸுக்கு 3600-இலும்தான் சுற்ற வேண்டும். கூடினால் அதில் மாட்டியிருக்கும் கருவிகள் கெடும். கவர்னர் இல்லாமல் ஓடும் இந்த இன்ஜின்களில் கனெக்டிங் ராட் முறிந்து கிரேங்க்கேஸைத் துளைத்துக்கொண்டு வெளியே வரலாம், ஃப்ளைவீல் சிதறலாம்.

செட்டிங் இடத்துக்கும் வானிலைக்கும் ஏற்ப நகரும். 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்கு வெப்பம் ஏறினால் காற்றின் அடர்த்தி 6 சதவீதம் குறைகிறது. கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டர் ஏறினால் 18 சதவீதம். அந்தச் சக்தி இழப்பை எந்த ஜெட்டாலும் ஈடுகட்ட முடியாது. ஆனால் அங்கே கலவை சுமார் 10 சதவீதம் ரிச்சாகிவிடும் என்பதால், விட்டத்தால் எண்ணிடப்பட்ட 100 ஜெட்டுக்குப் பதில் 95 போட்டால் திணறல் நீங்கும். கழற்றிய 100-ஐ வண்டியிலேயே வைத்திருங்கள். கீழே இறங்கி முழு ஆக்சிலேட்டர் கொடுப்பதற்கு முன்னால் அதை மறுபடி மாட்டியாக வேண்டும்.